இடம் பெயர்ந்த கடிதங்கள்: நார்ஃபோக் பழமை ஆய்வாளர்களின் தாள்கள் கைமாறிய வரலாறு

அச்சான ஒரு புத்தகத்தின் கட்டைப் பிரித்து, அதில் பேசப்படும் ஆட்கள், ஊர்கள், நிகழ்ச்சிகள் தொடர்பான அச்சுப்படங்கள், கைச்சித்திரங்கள், பத்திரங்கள், கையெழுத்துக் கடிதங்கள் ஆகியவற்றைப் பக்கங்களுக்கிடையே செருகி மறுபடியும் பைண்டு செய்யும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பரவியது. இத்தகைய நூலைப் படச்செருகல் நூல் எனலாம். ஒரே தொகுதியாக வெளிவந்த புத்தகம் இப்படிப் பத்து, இருபது தொகுதிகளாகப் பெருகுவது அன்று சாதாரணம். படங்களைப் பொறுத்தவரை இதனால் பெரிய சிக்கல் இல்லை. ஒரு செப்புத்தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான பிரதிகள் அச்சாகியிருக்கும். கடிதம் அப்படியல்ல. உலகில் அது ஒன்றே ஒன்றுதான். அது எந்தப் பெட்டியில், எந்தக் கடிதங்களோடு கிடந்தது என்பது அதன் பொருளில் ஒரு பாதி. செருகல் நூலுக்குள் போகும்போது அந்தப் பாதி அறுந்துவிடுகிறது. கடிதம் யார் யார் கைகளைக் கடந்து வந்தது என்று தேடும் ஆய்வு, அறுந்துபோன அந்தப் பாதியை மீட்கும் வேலைதான்.

இந்த வழக்கத்துக்கு ஜேம்ஸ் கிரேஞ்சரின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக்ஸ்போர்டுஷயரில் ஷிப்லேக் என்ற ஊரின் பாதிரியாரான அவர், 1769-இல் இங்கிலாந்தின் வாழ்க்கை வரலாற்று அகராதி ஒன்றை வெளியிட்டார். அரசர் முதல் குற்றவாளி வரை ஆட்களைப் பன்னிரண்டு வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் எந்தெந்த அச்சு உருவப்படங்கள் உண்டு என்று அது பட்டியலிட்டது. படங்கள் இல்லாத அந்த நூலின் பட்டியலை வைத்துக்கொண்டு படங்களைத் தேடிச் சேர்ப்பது செல்வர்களின் பொழுதுபோக்காயிற்று. ரிச்சர்ட் புல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அந்நூலை 14,000-க்கு மேற்பட்ட உருவப்படங்களோடு 35 தொகுதிகளாக வளர்த்தார்; இன்று அவை கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் உள்ளன. அலெக்சாண்டர் சதர்லண்டும் அவர் மறைவுக்குப் பின் அவர் மனைவி சார்லட்டும் கிளாரண்டனின் உள்நாட்டுப் போர் வரலாற்றையும் பர்னெட்டின் நூலையும் 61 தொகுதிகளாக வளர்த்தனர். சார்லட் 1837-இல் அவற்றை பாட்லியன் நூலகத்துக்குக் கொடையாக அளித்தார்.

செருகப்படும் கடிதங்களை எல்லாம் ஒரே வகையாகப் பார்ப்பதில்தான் பல குழப்பங்கள் தொடங்குகின்றன. ஒரு பழமை ஆய்வாளரின் ‘கடிதத் தொகுப்பு’ என்று சொன்னால் அது மூன்றில் ஒன்றைக் குறிக்கலாம். அவர் பிறருக்கு எழுதியவை முதல் வகை. அவை பெற்றவர்களின் வீடுகளில் சிதறிக் கிடந்து, பின்னால் வேறொருவரால் திரட்டப்பட்டவை. அவருக்குப் பிறர் எழுதியவை இரண்டாம் வகை; அவை அவர் மேசையிலேயே சேர்ந்தவை, இயல்பான ஒரு வரிசை உள்ளவை. மூன்றாம் வகையில் அவர் எழுதியதும் இல்லை, அவருக்கு வந்ததும் இல்லை. பழங்காலத்துக் கடிதங்கள் என்பதற்காக அவர் தேடி வாங்கியவை. முதல் வகையில் நூறு கடிதங்கள் இருந்தால் அவை நாற்பது வீடுகளிலிருந்து வந்திருக்கலாம். இரண்டாம் வகையில் நூறும் ஒரே அலமாரியிலிருந்து வந்தவை. செருகல் நூலில் இந்த மூன்றும் ஒரே அளவுத் தாளில் ஒட்டப்பட்டு, ஒரே தோலட்டைக்குள் பக்கம் பக்கமாக நிற்கும்போது கண்ணுக்கு வேறுபாடே தெரியாது.

மூன்று வகையும் பின்னிக் கிடக்கும் நிலம் இங்கிலாந்தின் கிழக்கிலுள்ள நார்ஃபோக். அங்கே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக் காலம் ஒரு தலைமுறை ஆய்வாளரின் தாள்கள் அடுத்த தலைமுறையின் கைக்கு மாறிக்கொண்டே வந்தன. வரிசையின் முன்னோடி பீட்டர் லெ நெவ் (1661–1729). குலமரபுப் பதிவுகளைக் காக்கும் அரசுப் பதவியில் இருந்தவர். லண்டன் பழமை ஆய்வாளர் சங்கம் புத்துயிர் பெற்றபோது அதன் முதல் தலைவரானார். நார்ஃபோக் பற்றி வாழ்நாள் முழுதும் சேர்த்த தாள்களை நார்விச் நகரில், தேவாலயத்திலோ வேறு பொது இடத்திலோ, எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று உயிலில் எழுதினார். அந்தப் பொறுப்பு தாமஸ் டேனர் என்ற அறிஞரிடமும், சஃபோக்கில் பால்கிரேவ் என்ற ஊரின் வழக்கறிஞர் தாமஸ் மார்ட்டினிடமும் (1697–1771) வந்தது. மார்ட்டின் லெ நெவின் விதவையை மணந்துகொண்டார். தாள்கள் மார்ட்டின் வீட்டிலேயே தங்கின; உயிலின் விருப்பம் முழுமையாக நிறைவேறவில்லை. அன்றைக்கே அவை பொது இடத்துக்குப் போயிருந்தால் பிற்காலச் சிதறலில் பெரும்பகுதி நடந்திருக்காது. இருந்தாலும், மார்ட்டினின் வீட்டுக் கதவு நண்பர்களுக்குத் திறந்தே இருந்தது. அந்தத் தாராளம் இல்லையென்றால் நார்ஃபோக்கின் வரலாறு எழுதப்பட்டே இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதை எழுதியவர் பிரான்சிஸ் புளோம்ஃபீல்ட் (1705–1752). ஃபெர்ஸ்ஃபீல்ட் என்ற சிற்றூரின் பாதிரியார். லெ நெவின் தாள்களை மார்ட்டினிடம் இரவல் வாங்கி, ஊர் ஊராகச் சென்று கல்வெட்டுகளைப் படியெடுத்து, பிற பாதிரியார்களுக்கும் நிலக்கிழார்களுக்கும் ஓயாமல் கடிதம் எழுதிச் செய்தி திரட்டினார். 1736 முதல் தம் ஊரிலேயே அச்சகம் வைத்துப் பகுதி பகுதியாக நூலை வெளியிட்டார். பெரியம்மை அவரை 46 வயதில் கொண்டுபோனது. வேலையை சார்ல்ஸ் பார்க்கின் என்பவர் தொடர்ந்தார். 1805-க்கும் 1810-க்கும் இடையே வந்த இரண்டாம் பதிப்பு பதினொரு தொகுதிகள் கொண்டது.

1735 மே மாதம் புளோம்ஃபீல்ட் ஆக்ஸ்னெட் மாளிகையின் ஆவண அறைக்குள் நுழைந்தார். அந்த மாளிகை பாஸ்டன் குடும்பத்துடையது. குடும்பத்தின் கடைசி வாரிசான யார்மத் பிரபு 1732-இல் கடனில் மூழ்கி இறந்திருந்தார். பெட்டிகளைத் திறந்து பார்த்த புளோம்ஃபீல்ட், பத்திரங்களைத் தவிர வரலாற்றுக்கு உதவும் எண்ணற்ற கடிதங்கள் உதிரித் தாள்களிடையே கிடப்பதாகவும், அவற்றைப் பல மூட்டை அளவுக்கு அறையின் ஒரு மூலையில் குவித்து வைத்திருப்பதாகவும் தோட்ட நிர்வாகம் பார்த்தவருக்கு எழுதினார். 15-ஆம் நூற்றாண்டின் பாஸ்டன் கடிதங்கள் அந்தக் குவியலில் இருந்தவை. கணவனுக்கு மனைவி, தாய்க்கு மகன், எஜமானுக்குக் காரியஸ்தர் என்று எழுதிக்கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தக் கடிதங்கள், அந்தக் காலத்து ஆங்கிலக் குடும்ப வாழ்க்கைக்கு நமக்குக் கிடைத்த மிகப் பெரிய சான்று.

குவியலிலிருந்து புளோம்ஃபீல்ட் கைக்கு வந்தவை, அவர் இறந்தபின் மார்ட்டினிடம் போயின. மார்ட்டின் 1771-இல் இறந்ததும் அவருடைய தாள்களை டிஸ் நகரின் மருந்து வியாபாரி ஜான் வொர்த் விற்பனைக்காக வாங்கினார். அவரும் 1774-இல் இறந்துவிட, பாஸ்டன் கடிதங்கள் ஜான் ஃபென் (1739–1794) என்ற ஆய்வாளரை அடைந்தன. நாற்பதாண்டுக்குள் ஐந்து கைகள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் ஒரு மரணம். அந்தக் காலத்தில் தனியார் தாள்களின் பயணத்தை வரைய முயல்பவர் முதலில் தேட வேண்டியது இறந்த தேதிகளையும் உயில்களையும்தான் என்பதை இந்த ஒரு சங்கிலியே காட்டிவிடுகிறது.

ஃபென் 1787-இல் முதல் இரண்டு தொகுதிகளை வெளியிட்டார். இடப்பக்கத்தில் மூல எழுத்துக்கூட்டல், வலப்பக்கத்தில் புதிய எழுத்துக்கூட்டல் என்று எதிரெதிரே அச்சிட்டார். கையொப்பங்கள், தாளின் நீர்க்குறிகள், அரக்கு முத்திரைகள் ஆகியவற்றையும் படமாகச் செதுக்கிச் சேர்த்தார். கடிதம் என்றால் வாசகம் மட்டும் அல்ல, அது ஒரு பொருளும்தான் என்று உணர்ந்த பதிப்பாளர்கள் அன்று மிகச் சிலர். அச்சான கடிதங்களின் மூலங்களை மூன்று தொகுதிகளாக பைண்டு செய்து மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு அளித்தார். மன்னர் அவருக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தார். அதன் பிறகு அந்த மூன்று தொகுதிகளும் கண்ணில் படவில்லை. 1789-இல் வந்த மூன்று, நான்காம் தொகுதிகளின் மூலங்களும், ஃபென் மறைவுக்குப் பின் 1823-இல் வந்த ஐந்தாம் தொகுதியின் மூலங்களும் எங்கே என்று யாருக்கும் தெரியாத நிலை ஏற்பட்டது.

மூலம் இல்லாத பதிப்புக்கு என்ன நேரும் என்பதற்கு 1865 சாட்சி. அவ்வாண்டு ஹெர்மன் மெரிவேல் என்ற அறிஞர், பாஸ்டன் கடிதங்கள் உண்மையானவைதானா என்று ஃபோர்ட்நைட்லி ரிவ்யூ இதழில் கேள்வி எழுப்பினார். அச்சாகி எழுபது ஆண்டுக்கு மேல் ஆன, வரலாற்றாசிரியர்கள் எடுத்தாண்டுகொண்டிருந்த ஒரு சான்று முழுதும் ஒரு கட்டுரையால் ஆட்டம் கண்டது. அதே ஆண்டு ஃபென்னின் உறவினரான ஃப்ரியர் குடும்பத்து வீடொன்றில் ஐந்தாம் தொகுதியின் மூலங்கள் கிடைத்தன. பழமை ஆய்வாளர் சங்கம் குழு அமைத்துச் சோதித்து அவை உண்மையானவை என்றது. 1875-இல் ராய்டன் மாளிகையில் மூன்று, நான்காம் தொகுதிகளின் மூலங்கள் கிடைத்தன. மன்னருக்குப் போன கடிதங்கள் 1889-இல்தான், சஃபோக்கின் ஆர்வெல் பார்க் மாளிகையில் வெளிப்பட்டன. பிரதமர் வில்லியம் பிட்டுக்கு நெருக்கமாக இருந்த பிஷப் டாம்லின் வழியாக அங்கே வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. மூலங்களின் பெரும்பகுதி 1866, 1896, 1933 ஆண்டுகளில் பிரிட்டிஷ் மியூசியத்தை அடைந்து, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. மெரிவேலின் ஐயம் தவறு என்று தெளிந்தாலும், அவர் கேட்டது சரியான கேள்விதான். கைமாறிய தடம் இடையில் அறுந்திருக்கும்போது எந்த நல்ல சான்றும் ஐயத்துக்கு இடம் கொடுக்கும்.

இந்தப் பரம்பரையின் அடுத்த பெரும் சேகரிப்பாளர் டாஸன் டர்னர் (1775–1858). யார்மத் நகரின் வங்கியாளர். கடற்பாசிகளைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதிய தாவரவியலாளர். ராயல் சொசைட்டி உறுப்பினர். 1820-இல் அவரும் வங்கித் துறையைச் சேர்ந்த ஹட்சன் கர்னியும், காக்ஸ் மேக்ரோ என்ற 18-ஆம் நூற்றாண்டுச் சேகரிப்பாளரின் கையெழுத்துப் பிரதிகளை வாங்கினர். சற்று முன் ஒரு நார்விச் புத்தக வியாபாரி சுமார் 150 பவுனுக்கு வாங்கிய அந்தச் சேகரம், லண்டன் கிறிஸ்டி ஏலத்தில் சுமார் 700 பவுனுக்குப் போயிற்று. வாங்கியவர்கள் இருவரும் அதைப் பங்கு பிரித்துக்கொண்டனர். இங்கிலாந்தின் இடைக்கால அற நாடகங்கள் மூன்று அடங்கிய சுவடி கர்னியின் பங்கில் போய், இப்போது வாஷிங்டனின் ஃபோல்ஜர் நூலகத்தில் இருக்கிறது. கடிதங்களில் பல டர்னரிடம் வந்தன. ஒரே அலமாரியில் இருந்த தாள்கள் ஒரே நாளில் இரண்டாயின.

டர்னரின் மிகப் பெரிய படைப்பு அவர் எழுதிய நூல் எதுவும் அல்ல. புளோம்ஃபீல்டின் நார்ஃபோக் வரலாற்றின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, மாவட்டத்தின் ஒவ்வொரு ஊருக்கும் கிடைத்த அச்சுப்படங்கள், சித்திரங்கள், பத்திரங்கள் எல்லாவற்றையும் அதில் செருகிக்கொண்டே போனார். தேவாலயங்கள், கல்லறைகள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் ஆகியவற்றை அவருடைய மனைவி மேரியும் மகள்களும் நேரில் பார்த்து வரைந்தனர். அவர்களுக்கு ஓவியம் கற்பிக்க ஜான் செல் காட்மன் என்ற பெரும் ஓவியரே 1812-இல் யார்மத்துக்குக் குடிவந்தார். பின்னால் இடிந்தும் புதுப்பிக்கப்பட்டும் உருமாறிப்போன பல கட்டடங்களுக்கு அந்தப் பெண்களின் சித்திரங்களே சாட்சி. இந்த உழைப்பைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது நியாயமாகாது.

செருகியவற்றின் பட்டியலை டர்னர் 1841-இல் யார்மத்திலேயே அச்சிட்டார். ஊர்ப்பெயர் வரிசையில், எந்தப் பக்கத்துக்கு எது என்று சொல்லும் பட்டியல் அது. அதே 1841 ஏப்ரலில் பிரான்ஸின் உள்துறை அமைச்சகம் மாவட்டக் காப்பகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நத்தாலிஸ் த வய்யி என்ற அறிஞர் வகுத்த அந்த விதியின்படி, ஒரு குடும்பத்திலிருந்தோ நிறுவனத்திலிருந்தோ வந்த தாள்களைப் பிரிக்காமல் ஒன்றாகவே வைக்க வேண்டும். பொருள்வாரியாகக் கலைத்து அடுக்கக் கூடாது. இன்றைய காப்பகக் கலைக்கு அடித்தளம் இந்த விதி. டர்னரின் முறை அதற்கு நேர் எதிரானது. ஒரு பத்திரம் எந்த ஊரைப் பேசுகிறதோ அந்த ஊரின் பக்கத்துக்கு அது போய்விடும். எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது அங்கே புலப்படாது. ஊர் வரலாறு தேடுபவருக்கு டர்னரின் தொகுதிகள் பெரும் வரம். தாளின் வரலாறு தேடுபவர் அந்தத் தாளோடு கிடந்த மற்றவற்றைத் தேடித் தொகுதி தொகுதியாக அலைய வேண்டும்.

ஆனால் டர்னர் தமக்கு வந்த கடிதங்களை இப்படிச் சிதைக்கவில்லை. அவற்றைக் கால வரிசைப்படி பைண்டு செய்து காத்தார். அந்தத் தொகுதிகள் இன்று கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் உள்ளன. ஒரே மனிதர் தம்முடைய தாள்களுக்கு ஒரு முறையையும் பிறருடைய தாள்களுக்கு வேறொரு முறையையும் கையாண்டார். அவர் பெயரோடு வரும் எந்தக் கடிதத்தைப் பார்த்தாலும் இது அவருக்கு வந்ததா, அவர் வாங்கியதா என்று முதலில் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கடிதங்களுக்குச் சந்தை விலை ஏறியபோது போலிகளும் வந்தன. 1848-இல் டர்னர் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார்: யாருடைய கையெழுத்தின் அச்சு நகல் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும் என்று தொகுத்துச் சொல்லும் நூல். சந்தேகத்துக்குரிய கடிதத்தை அந்த நகலோடு ஒப்பிட்டு முடிவுக்கு வரலாம் என்பது நோக்கம். நான்கு ஆண்டுகளுக்குள் அந்த வழியின் போதாமை டர்னரின் குடும்பத்தாலேயே வெளிப்பட்டது. 1852-இல் கவிஞர் ஷெல்லியின் கடிதங்கள் என்று எட்வர்ட் மாக்சன் ஒரு நூல் பதிப்பித்தார். அதிலிருந்த ஒரு கடிதத்தைப் படித்த இளைஞர் பிரான்சிஸ் டர்னர் பால்கிரேவ், அந்த வாசகம் தம் தந்தை காலாண்டு இதழொன்றில் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்தது என்று கண்டுகொண்டார். கட்டுரையோ ஷெல்லி இறந்து பல ஆண்டுகள் கழித்து வந்தது. கடிதங்கள் போலி, பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. இந்தப் பால்கிரேவ் டாஸன் டர்னரின் மகள் வயிற்றுப் பேரன். ‘கோல்டன் டிரெஷரி’ என்ற கவிதைத் திரட்டால் பின்னால் புகழ்பெற்றவர். நிபுணர்களையே ஏமாற்றும் அளவுக்குக் கையெழுத்து அமைந்திருந்தது, பிடிபட்டது வாசகத்தால். விற்றவர் அந்தக் கடிதங்களை எங்கிருந்து பெற்றார் என்று ஆரம்பத்திலேயே துருவிக் கேட்டிருந்தால் பதிப்பு வரையில் போயிருக்காது.

செருகல் நூலில் ஒட்டப்பட்ட கடிதத்தின் தடத்தை இன்று எப்படித் தேடுகிறார்கள்? வாசகத்துக்கு வெளியே இருப்பதுதான் இங்கே முதன்மை. 1840-இல் ஒரு பென்னித் தபால் வருவதற்கு முன் உறை அரிது. கடிதத்தாளையே மடித்து, வெளிப்புறத்தில் முகவரி எழுதி, அரக்கால் ஒட்டுவார்கள். முகவரிப் பகுதி தங்கியிருந்தால் பெற்றவர் யார், எந்த ஊர், எந்த நாள் தபால் முத்திரை என்பன கிடைத்துவிடும். சேகரிப்பாளர்கள் பலர் கையொப்பமுள்ள பக்கத்தை வைத்துக்கொண்டு முகவரிப் பக்கத்தை வெட்டிவிட்டார்கள். அதற்கு மறுதலையாக, நாடாளுமன்ற உறுப்பினர்களின் இலவசத் தபால் கையொப்பத்துக்காக முகவரிப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தவர்களும் உண்டு. ஒரே கடிதத்தின் இரு பாதிகள் இரண்டு நூலகங்களில் இருப்பது இப்படித்தான்.

பெற்றவர் மடிப்பின் மேல் எழுதிவைத்த குறிப்பு அடுத்த சான்று. யாரிடமிருந்து, எந்த நாள் வந்தது, எப்போது பதில் போட்டார் என்று பலர் ஒரே மாதிரி எழுதும் பழக்கம் உள்ளவர்கள். அந்தக் கையும் அந்தப் பாணியும் பத்துக் கடிதங்களில் திரும்ப வந்தால் பத்தும் ஒரு வீட்டில் இருந்தவை. பாஸ்டன் கடிதங்கள் சிலவற்றில் புளோம்ஃபீல்டின் கைக்குறிப்பு இருப்பது, ஆக்ஸ்னெட் குவியலிலிருந்து அவை வந்த வழியை உறுதிசெய்ய உதவியது. பூச்சி அரித்த துளைகளும் ஈரக்கறையும் இதைவிட நம்பகமானவை. பல தாள்களில் ஒத்துப்போகும்படி அவற்றைப் போலியாகச் செய்வது கடினம். இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் துளைகள் நேராக நிற்குமானால் அவை ஒரு காலத்தில் அந்த வரிசையில் அடுக்கப்பட்டிருந்தவை. பழைய தையல் துளை, முந்தைய தொகுதியின் தாளெண், எதிர்ப்பக்கத்தில் பதிந்த மையின் நிழல் ஆகியவையும் இப்படியே பேசும். 1794-க்குப் பின் ஆங்கிலத் தாள்களில் நீர்க்குறியோடு ஆண்டும் சேர்ந்து வரத் தொடங்கியதால், 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்தில் அப்படியொரு ஆண்டு தெரிந்தால் அது படியெடுத்ததோ போலியோ என்பது உடனே தெரிந்துவிடும். ஒட்டுவதற்காகத் தாளின் ஓரத்தைச் சீவியவரும், பின்பக்கத்தைப் பசையால் மூடியவரும் இந்தச் சான்றுகளைத்தான் அழித்தார்கள்.

தாளின் சான்றோடு ஏலப்பட்டியலின் சான்றும் இணைய வேண்டும். வாங்கியவர் பெயரும் விலையும் ஓரத்தில் எழுதப்பட்ட ஏலக்காரரின் சொந்தப் பிரதி கிடைத்துவிட்டால், கடிதத்தின் மூலையில் பென்சிலால் எழுதிய எண்ணுக்குப் பொருள் பிறக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஏலம் ஒரு கடிதம் விற்கப்பட்டதைச் சொல்லுமே தவிர, விற்றவருக்கு அது நியாயமாக வந்ததா என்பதைச் சொல்லாது. டர்னரின் நண்பரான வில்லியம் அப்காட் (1779–1845) இதற்கு நல்ல உதாரணம். லண்டன் இன்ஸ்டிடியூஷன் நூலகத்தில் வேலை பார்த்த அவர் 1810-களில் வாட்டன் மாளிகைக்குப் போனார். 17-ஆம் நூற்றாண்டின் நாட்குறிப்பாளர் ஜான் எவ்லினுடைய தாள்கள் அங்கே கேட்பாரற்றுக் கிடந்தன. பழைய கடிதங்களைத் துணி வெட்டும் மாதிரிகளுக்குப் பயன்படுத்திவந்தார்கள் என்பது அப்காட் தரப்புக் கதை. எவ்லினின் நாட்குறிப்பு 1818-இல் அச்சேறியதற்கு அந்த வருகை ஒரு காரணம். ஆனால் எவ்லின் கடிதங்களில் நல்ல பங்கு அப்காட்டின் சொந்தச் சேகரத்துக்குள் போயிற்று. வீட்டுக்காரி மனமுவந்து கொடுத்தவை எத்தனை, கேளாமல் எடுத்தவை எத்தனை என்பதற்கு ஆவணம் இல்லை. 1817-இல் அந்த அம்மையார் இறந்துவிட்டார். அப்காட்டின் சேகரம் 1846-இல் ஏலத்தில் கலைந்தது. குடும்பத்தில் எஞ்சிய எவ்லின் தாள்களை பிரிட்டிஷ் நூலகம் 1995-இல் வாங்கியது. காத்தவரும் கலைத்தவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, அவர் சொன்ன கதையை மட்டும் வைத்துக் கைமாறிய வரலாற்றை எழுதிவிடக் கூடாது.

டர்னரின் சேகரமும் ஏலத்தில்தான் முடிந்தது. மனைவி இறந்தபின் 1851-இல் அவர் மறுமணம் செய்துகொண்டு யார்மத்தை விட்டு வெளியேறினார். 1853-இல் நூல்களில் ஒரு பகுதி விற்கப்பட்டது. அவர் மறைந்த மறு ஆண்டு, 1859 ஜூனில், கையெழுத்து நூலகம் முழுவதையும் பட்டிக் அண்ட் சிம்ப்சன் நிறுவனம் ஏலம் விட்டது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் அதில் இருந்ததாகப் பட்டியல் அறிவித்தது. படச்செருகல் செய்த புளோம்ஃபீல்ட் நூல் மட்டும் சிதறாமல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. கையெழுத்துப் பிரிவில் 23013 முதல் வரிசையாக எண் கொடுத்து அதை வைத்தார்கள். அச்சு நூலை மையமாக வைத்து வளர்ந்த ஒரு படைப்பு, கையெழுத்துச் சுவடிகளோடு அடுக்கப்பட்டிருப்பது அதன் இயல்புக்குப் பொருத்தமான தீர்ப்பு.

மற்ற கடிதங்கள் வியாபாரிகள் வழியாகப் பல நாடுகளுக்குப் பிரிந்தன. பின்வந்த ஆய்வாளர்கள் அவற்றை ஒரே இடத்துக்குத் திரும்பக் கொண்டுவர முயலவில்லை. எங்கே இருக்கிறதோ அங்கேயே விட்டு, அச்சில் ஒன்று சேர்த்தார்கள். டேவிட் ஸ்டோக்கர் புளோம்ஃபீல்டின் கடிதப் போக்குவரத்தைப் பதிப்பித்தபோது இதைத்தான் செய்தார். நார்ஃபோக் பதிவுச் சங்கத்தின் வெளியீடாக 1992-இல் வந்த அந்தப் பதிப்பில், புளோம்ஃபீல்ட் எழுதியவையும் அவருக்கு வந்தவையும் மறுபடி கால வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன. கேட்ட கடிதத்துக்குக் கீழே அதற்கு வந்த பதில் இருக்கிறது.